சகலையின் ஸ்கேல்

அடுத்தவர் வயல், வீடு, சைக்கிள் எதன் மீதும் நான் பொறாமைப்பட்டதில்லை. சகலையின் ஸ்கேல் மீது பட்டேன். (வயிறெரிந்தேன் என்பதே சரி.)

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் விராலிமலையில் என் வீட்டுக் கொல்லையில் நானும், அடுத்த தெருவில் மனைவியின் அக்கா கணவர் முத்தையாவும் ஆளுக்கொரு லேத் வைத்து பம்ப்செட் ரிப்பேர் பார்த்துவந்தோம். இரும்புத் தகட்டில் கோடு தெரிவதற்காக மயில்துத்தக் கரைசலைத் தடவி அவர் ஊசியால் கோடு கிழித்தால் முடி மாதிரி விழும். என் கோடு கோழி கிளறியது போலிருக்கும். "முத்தையா கைதான் கை" என்று மாமனார் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

எல்லாம் அவருடைய புது ஸ்டீல் ஸ்கேலின் மகிமை என்று முடிவுகட்டினேன். என் ஸ்கேலின் முனை தேய்ந்து மழுங்கிவிட்டதால் ஒன்றாம் இஞ்சிலிருந்துதான் அளப்பேன். பத்து இஞ்ச் வேண்டுமென்றால் பதினொன்றில் குறி வைப்பேன். வருஷக்கணக்காகப் பழகிய கை.

அந்தக் கோடையில் மாமனாரின் கிணற்று எஞ்சினுக்கு அடித்தகடு உடைந்துவிட்டது. நெல் கதிர் வாங்கும் நேரம், தண்ணீர் இல்லை. சகலை வாய் திறக்கும் முன்பே, "நான் செஞ்சு தாரேன் மாமா" என்று முந்திக்கொண்டேன். எஞ்சின் காலிலிருந்த துளைகளை அளந்து, பத்துக்கு ஏழு என்று எழுதிக்கொண்டேன். பிறகு சகலை சாப்பிடப் போன சமயம் பார்த்து அவருடைய ஸ்கேலை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன்.

என்ன அருமையான முனை! அதை முதல் துளைக் குறியில் ஆசையாக வைத்தேன். கை தன் பாட்டுக்குப் பதினொன்றிலும் எட்டிலும் கோடு கிழித்தது. நானும் சந்தோஷமாக நான்கு துளைகளைப் போட்டேன்.

மறுநாள் காலை கிணற்றடியில் குடும்பமே கூடியிருந்தது. ஒரு போல்ட் இறங்கியது. மற்ற மூன்றும் இறங்கவில்லை.

"என்ன மாப்ளே, எஞ்சின் சுருங்கிப்போச்சா?" என்றார் மாமனார்.

குனிந்து பார்த்தேன். சமயம் பார்த்துத் திருப்பி வைக்கலாமென்று இடுப்பிலேயே செருகியிருந்த ஸ்கேல் நழுவி, கல்லில் 'டங்' என்று சகலையின் காலடியில் விழுந்தது.

"ஏங்க, அக்கா வீட்டுக்காரரு ஸ்கேலு ஒங்க இடுப்புக்கு எப்படி வந்துச்சு?" என்றாள் என் மனைவி.

சகலை அதை எடுத்துத் துண்டால் துடைத்து, தகட்டை அளந்தார். "எல்லாம் சரியா ஒரு இஞ்ச் கூட. சகலை, இதுக்கு இன்னும் முனை தேயலைங்க. ஆரம்பத்துலேருந்தே அளக்கலாம்."

சாயங்காலத்துக்குள் அதே தகட்டில் அவர் மூன்று துளைகளைச் சரியாகப் போட்டார். தண்ணீர் பாய்ந்தது, நெல் பிழைத்தது. நான் ஏழு துளைத் தகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பல வருஷம் கழித்து மகளுக்கு வரன் வந்தது. பையனைப் பார்த்துவிட்டு வந்து, "உயரம் அஞ்சடி ஏழு இஞ்ச்" என்றேன்.

"அப்ப அஞ்சடி ஆறுன்னு வச்சுக்கங்க" என்றார் மாமனார். என் மகள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

அடுத்த வாரம் சகலையும் போய்ப் பார்த்துவிட்டு வந்து அஞ்சடி ஆறு என்றார். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி, வேறு யாருக்கும் தெரியாமல் அளந்து பார்த்தேன். அஞ்சடி ஆறேதான்.