பஸ்ட் கியர் அண்ணனின் தலையணை

சேலத்திலேயே மிக மெதுவாக வண்டி ஓட்டுகிறவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், முதல் பரிசு எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த பஸ்ட் கியர் அண்ணனுக்குத்தான். இரண்டாம் பரிசை நிறுத்தி வைத்திருக்கும் ஏதாவது ஒரு வண்டிக்குக் கொடுத்துவிடலாம்.

ஞானஸ்நானத்தில் அவருக்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அது அவருக்கும் ஆதார் அட்டைக்கும் மட்டும் தெரிந்த விஷயம். எங்கள் கோயிலின் அமரர் ஊர்தியை இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறார். வண்டியில் ஐந்து கியர் உண்டு. மற்ற நான்கையும் கழற்றி விற்றால் புதுசு விலைக்கே போகும் என்று மெக்கானிக் சொல்வார். அண்ணன் வேகத்துக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்.

"வண்டிக்குப் பின்னாடி கடைசியா ஒருத்தர் நடந்து வருவாங்க பாருங்க, அவுங்க கால் என்ன வேகமோ அதான் வண்டி வேகம். உள்ளாற படுத்திருக்கறவருக்கு ஒரு அவசரமும் இல்லீங்க."

அதற்காகவே பக்கவாட்டுக் கண்ணாடியைக் கீழ்நோக்கித் திருப்பி வைத்திருந்தார். அதில் பஸ் தெரியாது, லாரி தெரியாது. கடைசி ஆளின் செருப்பு மட்டும் தெரியும்.

போன வருடம் ஒரு காலையில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவருக்கு நெஞ்சை அடைத்தது. ஆம்புலன்சுக்குப் போன் போடலாம் என்று வீட்டம்மா அலற, "வண்டி கையிலயே இருக்கறப்ப எதுக்கு புள்ள இன்னொரு வண்டி?" என்று இவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். நெஞ்சுவலியோடு தானே வண்டியை ஓட்டிக்கொண்டு, அதுவும் அந்த வண்டியை, அதுவும் முதல் கியரில், ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார். இந்தக் கூத்தை யாரும் செய்து பார்க்க வேண்டாம். டாக்டரம்மா இன்றைக்கும் அதற்காக அவரைத் திட்டுகிறார்.

வாசலில் வாட்ச்மேன் ஓடி வந்து மறித்தார்.

"பாடி எடுக்கறதுக்குப் பின்பக்கம் கேட்டுங்க. இங்க நிறுத்தாதீங்க, பேஷண்டுங்க பயந்துக்கறாங்க."

"நான் எடுக்க வரலீங்க."

"அப்ப பாடி உள்ள இருக்குதுங்களா?"

"இன்னுங் கொஞ்ச நேரம் என்னைய இங்கயே நிறுத்தி வச்சீங்கன்னா இருக்குமுங்க."

சொல்லிவிட்டு வாட்ச்மேன் தோளிலேயே சாய்ந்துவிட்டார். அடுத்த நாள் பைபாஸ் ஆபரேஷன். பிழைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஒரு சின்னத் தலையணையைக் கையில் கொடுத்து, இருமினாலும் தும்மினாலும் இதை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும் என்றார். அண்ணனுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. கூடப் போயிருந்த நான் சாட்சி.

"ஸ்டியரிங் எப்பங்கம்மா புடிக்கலாம்?"

"மூணு மாசம் ஆகட்டும். நெஞ்செலும்பை அறுத்துக் கம்பி போட்டுக் கட்டியிருக்கோம், அது சேரணும். ஸ்டியரிங்கை ஒடிச்சா அந்த இடத்துல இழுக்கும். சடன் பிரேக் போட்டா நெஞ்சு போய் மோதும். மாத்திரைக்குத் தலை வேற சுத்தும்."

"சடன் பிரேக்கெல்லாம் நான் போட்டதே இல்லீங்க. காலை எடுத்தா அதுவே நின்னுக்கும்."

"சொந்தக் கார் ஓட்டறவங்களுக்குக் கொஞ்சம் முன்னாடியே சொல்லிடுவோம். நீங்க ஆள் ஏத்தற வண்டி ஓட்டறவர். நான் பரிசோதிச்சு லெட்டர் குடுத்த பிறகுதான்."

"நம்ம வண்டியில ஏத்தறது ஆள் கணக்குல வராதுங்களே."

"வண்டிக்கு முன்னாடி நடந்து போறவங்க?"

டாக்டரம்மா அதோடு விடாமல், தினமும் மெதுவாக நடக்க வேண்டும், தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொள்ளலாம் என்றார். அண்ணன் முகம் மலர்ந்தது.

"அந்த வேகத்துலதானுங்க நான் வண்டியே ஓட்டறேன். வண்டிக்குள்ள உக்காந்து நடந்தா ஆகாதுங்களா?"

டாக்டரம்மா பைலில் 'மூன்று மாதம்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார்.

அந்த மூன்று மாதத்துக்கு எங்கள் பங்குக்கு வந்து வாய்த்தவர் டைமிங் அண்ணன். சேலம் நாமக்கல் ரூட்டில் தனியார் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பின்னால் வரும் பஸ்ஸுக்கு இரண்டு நிமிடம் முன்னால் புதுச்சத்திரத்தில் நின்றால்தான் அவருக்குச் சோறு இறங்கும். முதல் அடக்கத்திலேயே கோயில் வாசலில் "போலாம் ரைட்" என்று சொல்லிக் கிளம்பியவரை, சிக்னலுக்குப் பிறகு ஒருவரும் பார்க்கவில்லை. பாடல் பாடிக்கொண்டு போன கூட்டம் பாட்டை நிறுத்திவிட்டு ஓட ஆரம்பித்தது. மூச்சிரைக்கக் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தால், பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நான் வந்து அரை மணி நேரம் ஆச்சுங்க" என்றார், பந்தயத்தில் ஜெயித்துக் கப் வாங்கப் போகிறவர் மாதிரி.

கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவைக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. எல்லாம் நேரத்துக்கு முடிகிறதே. மூன்று மாதத்தில் டாக்டர் கடிதம் வராவிட்டால் டைமிங்கையே நிரந்தரமாக வைத்துக்கொள்வது என்று பேசி முடித்தார்கள். செய்தி பஸ்ட் கியர் அண்ணன் காதுக்குப் போனது. அடுத்த அடக்கத்துக்கு, தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து வண்டிக்கு முன்னால் நின்றார்.

"டாக்டரம்மா நடக்கச் சொல்லியிருக்குதுங்க. எங்க நடக்கோணும்னு சொல்லல."

நடந்தார். நடுரோட்டில், வண்டிக்குச் சரியாகப் பத்தடி முன்னால். வண்டி வலது பக்கம் ஒதுங்கினால் இவரும் வலது பக்கம், இடது பக்கம் ஒதுங்கினால் இடது பக்கம். டைமிங் அண்ணன் ஹாரனை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். ஆபரேஷன் ஆன மனிதரை என்ன செய்ய முடியும்? வாரம் போகப் போக நடக்கும் தூரம் கூடி, முதலில் பாதி வழியோடு நின்றுகொண்டிருந்தவர் கல்லறை வரைக்கும் வந்தார்.

விஷயம் தெரியாத வெளியூர்க்காரர்கள் தலையணையோடு நடக்கும் மனிதரைப் பார்த்து, செத்தவரின் தலையணையைக் கட்டிக்கொண்டு போகும் மகன் என்று நினைத்து அழுதார்கள். வாழப்பாடியிலிருந்து வந்த ஒரு குடும்பம், இப்படி ஒரு மகன் இருந்ததை அப்பா சொல்லவே இல்லையே என்று சொத்துப் பத்திரத்தைத் தேடக் கிளம்பிவிட்டது.

இந்தக் கதையெல்லாம் என் அப்பாவுக்குப் படுக்கையில் நான்தான் சொல்வேன். அப்பா போஸ்ட்மேனாக இருந்தவர். நுரையீரல் கெட்டுப் படுத்துவிட்டார், அதிக நாள் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே கேட்டவர் ஒருநாள் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏன்டா, அந்த டைமிங்கு என்னை ஏத்திட்டுப் போயிட்டான்னா, உங்கம்மா எப்படிடா வருவா?"

அம்மாவுக்கு இரண்டு முட்டியும் போய்ப் பல வருடம் ஆகிறது. காரில் வா என்றால் கேட்க மாட்டாள், நடந்துதான் வருவாள் என்று அப்பாவுக்குத் தெரியும். நான் எழுந்து பஸ்ட் கியர் அண்ணனிடம் போய் அதைச் சொன்னேன்.

அன்று முதல் பஸ்ட் கியர் அண்ணன் நடைப்பயிற்சிக்கு வரும் வழியில் எங்கள் வீட்டில் ஏறி இறங்குவது வழக்கமானது.

"எலும்பு சேந்துச்சாப்பா?" என்பார் அப்பா.

"சேந்துட்டிருக்குதுங்க. நீங்க கொஞ்சம் பொறுத்துக்கோணும்."

"நான் எங்க போறேன். முப்பது வருசம் லெட்டர் குடுத்திருக்கேன், இவ்வளவு லேட்டா எந்த லெட்டரும் வந்ததில்ல."

மூன்று மாதம் முடிந்த வாரம் டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்தார். நடக்கவிட்டார், படியேறவிட்டார், கையை மடக்கித் தள்ளச் சொன்னார், கழுத்தை முழுசாகத் திருப்பிப் பின்னால் பார்க்கச் சொன்னார். தலை சுற்றவில்லை, எதுவும் இழுக்கவில்லை.

"ஓட்டலாம். ஆனா மொதல்ல கொஞ்ச நாளைக்குப் பக்கத்துல இன்னொரு டிரைவரை உக்கார வச்சுக்குங்க. தூரமாப் போகாதீங்க."

"நம்மளுது எப்பவும் கல்லறை வரைக்குந்தானுங்கம்மா."

கடிதத்தைக் கோயிலுக்குக் கொண்டுபோகும் முன் என் அப்பாவிடம் கொண்டுவந்து நீட்டினார். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசும் படித்தார். "சீல் இருக்குது, சரி" என்று திருப்பிக் கொடுத்தார்.

நான்காம் நாள் முற்பகலில் அப்பா போய்விட்டார். அவர் காத்திருந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். நுரையீரலுக்குத் தேதி பார்க்கத் தெரியாது. ஆனால் அம்மா அப்படித்தான் நம்புகிறாள், நான் மறுப்பதில்லை.

பஸ்ட் கியர் அண்ணன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். டாக்டரம்மா சொன்ன 'பக்கத்து டிரைவர்' வேறு யார், டைமிங் அண்ணன்தான். கோயிலிலிருந்து கல்லறை வரை இரண்டு கிலோமீட்டர், முழுக்க முதல் கியர். அந்த மனிதர் வாழ்க்கையில் பட்ட பெரிய கஷ்டம் அதுவாகத்தான் இருக்கும். கூட்டத்தில் கடைசியாக அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பழமுதிர் கடை அருகே முட்டி பிடித்து நின்றுவிட்டாள். வண்டியும் நின்றது. பின்னால் பஸ்கள் கத்தின. டைமிங் அண்ணனின் கை பழக்கதோஷத்தில் ஹாரனுக்குப் போனது. பஸ்ட் கியர் அண்ணன் அந்தக் கையை எடுத்து அவர் மடியிலேயே வைத்தார். அம்மா ஒரு அடி எடுத்து வைத்த பிறகுதான் சக்கரம் உருண்டது. அப்பா அம்மாவை விட்டுவிட்டு ஓரடிகூட முன்னால் போகவில்லை.

எல்லாம் முடிந்து அவரிடம் போனேன். நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றிருந்தார். பயந்துவிட்டேன்.

"வலிக்குதாண்ணே?"

"தைச்ச எடம் வலிக்கல சாமி" என்றார்.

இப்போது பக்கத்தில் ஆள் இல்லாமலே ஓட்டுகிறார். காலையில் நடக்கவும் போகிறார், நானும் கூடப் போகிறேன். அவர் போகும்போது வண்டியை யார் ஓட்டுவது என்ற கேள்வியை எங்கள் பங்கில் இதுவரை ஒருவரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. நான் முடிவு செய்துவிட்டேன். டைமிங் அண்ணனே ஓட்டட்டும். அந்தத் தலையணையை இப்போதே கேட்டு வாங்கி என் அலமாரியில் வைத்திருக்கிறேன். அன்றைக்கு அதைக் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பத்தடி முன்னால் நான் நடப்பேன், எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக.