தாய்மாமனுக்குச் சைவ மேசை

ஜெலாப்பாங்,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து.

மரியாதைக்குரிய மச்சான் கேப்ரியல் அவர்களுக்கு, ஆம்புரோஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே அனைவரும் சுகம் என்று தொடங்க வேண்டும். தொடங்க முடியவில்லை. உங்கள் தங்கை ஐவி என்னோடு பேசுவதில்லை. என் மகன் ரோய்ஸ்டனோடு நான் பேசுவதில்லை. உங்கள் முழங்கால் வலியாவது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நீங்கள் ஐவிக்கு அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். பக்கத்து வீட்டு மகேந்திரனும் கேட்டார், அவ்வளவு சத்தம். "பமேலாவுக்குத் தாய்மாமன் நானு. என்னையக் கொண்டுபோயி செட்டியார் வூட்டு சைவ மேசையில ஒக்கார வச்சு சப்புன்னு சோயாக்கட்டி தாவ்ஹு திங்க வுட்டான் ஒன் புருஷன். அன்னைக்கு கிறிஸ்டின் கல்யாணத்துல கிச்சன் கதவுகிட்ட ஒக்கார வச்சான். இனி மறுவீட்டு விருந்துக்கு நான் வரமாட்டேன்லா" என்று சொல்லியிருக்கிறீர்கள். கிச்சன் கதவு ரெஸ்டாரண்ட்காரன் செய்த வேலை. மூத்தவள் கிறிஸ்டின் கல்யாணத்திலிருந்து நாம் இருவரும் முகம் பார்த்துப் பேசியதில்லை, அதனால் இதை ஊர் முழுக்கச் சொல்லியும் உங்கள் காதுக்கு மட்டும் வரவில்லை. இந்தத் தடவை செய்ததும் நான் இல்லை. கெர்னல்.

கெர்னல் என்றால் உங்களுக்கும் எனக்கும் தெரிந்தது செம்பனைக் கொட்டைக்குள் இருக்கிற பருப்பு. ரோய்ஸ்டன் படிப்பை முடித்துவிட்டு "கெர்னல்ல வேலைப்பா" என்று வந்து நின்றபோது, எஸ்டேட்டை விட்டு வந்த குடும்பத்துப் பிள்ளை மறுபடியும் எண்ணெய் ஆலைக்கா என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு மனதைத் தேற்றிக்கொண்டு கோயில் முழுக்க அப்படியே சொல்லியும் விட்டேன். பமேலாவின் மாமனார் கனகராஜ் தன் தம்பி மகனுக்கு ஆலையில் வேலை கேட்டு வந்து உட்கார்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. இந்தக் கெர்னல், கம்ப்யூட்டரின் நடு மண்டையாம். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதற்குள் யாருக்கு எவ்வளவு இடம் என்று பிரித்துக் கொடுப்பது என் மகனுடைய உத்தியோகமாம். அந்தப் பாழாய்ப்போன கம்ப்யூட்டரை முதன்முதலில் கமுந்திங்கிலிருந்து காரில் ஏற்றிவந்து இவன் கையில் கொடுத்தது யார்? நீங்கள்தான் மச்சான். இதையும் ஒரு குரல் பதிவில் சொல்லுங்கள்.

பமேலாவின் கல்யாண விருந்துக்கு ஈப்போவில் ரெஸ்டாரண்ட் பிடித்தோம், மேசைக்குப் பத்துப் பேர். நம் ஆட்கள் உட்காரும் அழகு உங்களுக்குத் தெரியும். புருஷன், பெண்டாட்டி, ஒரு பிள்ளை வந்து ஒரு முழு மேசையைப் பிடிப்பார்கள். மற்ற நாற்காலிகளில் கைப்பை, ஸ்வெட்டர், பிள்ளையின் தண்ணீர்ப் போத்தல். கேட்டால் "ஆள் வருது" என்பார்கள். அந்த ஆள் இதுவரை எந்தக் கல்யாணத்துக்கும் வந்ததில்லை. இதைச் சொல்லி நான் புலம்பிக்கொண்டிருந்தபோது ரோய்ஸ்டன் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, "அப்பா, எங்க கெர்னல்லயும் இதே பிரச்சினைதான்பா" என்றான். அத்தோடு தொலைந்தேன்.

கெர்னலுக்குள் சின்னச் சின்ன நிரல்களை அனுப்பி ஓட விடுவார்களாம். ஒவ்வொன்றும் கடுகளவு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தில் ஒரு முழுப் பக்கத்தைத் தூக்கிக் கொடுத்தார்களாம். மிச்ச இடமெல்லாம் "ஆள் வருது". இடமும் வீண், எது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாமல் கம்ப்யூட்டரும் திணறுமாம். "அதனால பெரிய பக்கமா ஒன்னு எடுத்து, சின்னதையெல்லாம் அதுல வரிசையா அடுக்கிருவோம். எங்க சந்து இருக்கோ அங்க சொருகு. வெயிட்டருக்கும் அப்படித்தான்பா, ஞாபகம் வச்சுக்க மேசை கொறைஞ்சா சாப்பாடு சீக்கிரம் வரும்" என்றான். நான் பெருமையாகத் தலையாட்டினேன். விருந்தாளியைக் கடுகு என்கிறானே என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கம்ப்யூட்டரையே இடம் பிரிக்க விட்டு, பெயர் அட்டைகளை அச்சடித்து மேசையில் நிறுத்தினான். நிறுத்திய பிறகு யாரும் மாறக்கூடாது. "கெர்னல்ல ஒரு நிரல எழுதுற நேரத்துல ஓட வுடக்கூடாது, ஓடுற நேரத்துல எழுத வுடக்கூடாது, அதான்பா பாதுகாப்பு" என்று வாசலிலேயே நின்றுகொண்டான். வாகனம் நிறுத்துகிற தகராறில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத ராக்காயி அக்காவும் தினேஸ்வரியும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து ஒரே மீனை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள், மீன் என்ன பாவம் செய்தது. இதைவிடக் கேவலம், கெர்னலில் காலியான இடத்தைச் சும்மா விடக்கூடாதாம், தெரியாமல் அங்கே ஏதாவது ஓடிப் போய் நின்றால் உடனே மாட்டிக்கொள்ள ஒரு பொறி வைக்க வேண்டுமாம். இவன் என்ன வைத்தான் தெரியுமா? காலி நாற்காலியின் துணிக்கு அடியில், அழுத்தினால் கத்துகிற ரப்பர் வாத்து. ஜெபம் சொல்ல எழுந்த ஃபாதர், முடித்துவிட்டுத் தவறிப்போய் அதில் உட்கார்ந்தார். "ஆமென்" என்று நாங்கள் சொல்லவில்லை, வாத்து சொன்னது.

என் கதையைக் கேளுங்கள். பெண்ணைப் பெற்றவன் நான், என் பக்கத்து நாற்காலியில் யார்? நீங்கள் சொன்ன அந்தச் செட்டியார், கோலா கங்சார் சிவசுப்பிரமணியன் ஐயா. சுத்த சைவம். மனைவி சாலாவும் பிள்ளைகளும் உங்களோடு சைவ மேசையில், அவர் மட்டும் தனியாக என் நண்டுக்கு எதிரே. "பேரு இங்கதானே இருக்கு தம்பி" என்று உட்கார்ந்துவிட்டார், தங்கமான மனிதர். நான் நண்டுக் காலை உடைக்கும் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் மகள் கல்யாணத்தில் நான் வெறும் சோறும் கீரையும் தின்றேன். உங்களுக்குத் தாவ்ஹுவாவது கிடைத்தது.

என்ன நடந்தது என்பது எனக்குத் தெளிவாகத் தெரியும். உங்கள் வீட்டிலிருந்து நீங்கள் ஒருவர்தான் வந்தீர்கள், சைவ மேசையில் ஒரு சந்து இருந்தது, கெர்னல் சொருகிவிட்டது. ரோய்ஸ்டனை நிற்க வைத்துத் திட்டினேன். "அப்பா, நான் சொல்றத ஒரு நிமிஷம் கேளுங்கப்பா" என்றான். கேட்கவில்லை. "தாய்மாமனுக்கு எடம் தெரியாதவன் இந்த வூட்ல ஒரு பாய்க்குக்கூட எடம் பிரிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். உங்கள் கோபம் நியாயம். என் கோபம் அதைவிட நியாயம். ஆனால் தாய்மாமன் இல்லாமல் மறுவீடு என்றால் ஐவி அடுப்பைப் பற்றவைக்க மாட்டாள், பமேலா அழுவாள். நீங்கள் வர வேண்டும். வந்து எல்லார் முன்னாலும் அவனை நாலு வார்த்தை கேட்க வேண்டும். நான் கிச்சன் கதவருகே உட்காரவும் தயார்.

உங்களுக்கும் அக்காவுக்கும் மாதாவின் துணை என்றும் இருக்கட்டும், முழங்காலுக்குத் தைலம் தேய்க்க மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும்,
தங்கள் தங்கை கணவன்,
ஆம்புரோஸ்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் கல்யாண வீடியோ வந்துவிட்டது. ஐவியும் நானும் ரோய்ஸ்டனும் பார்த்தோம். ஆட்கள் உட்காருவதற்கு முன்னால் நீங்கள் என் மேசைக்கு வருகிறீர்கள். உங்கள் பெயரைப் பார்க்கிறீர்கள், பக்கத்தில் என் பெயரைப் பார்க்கிறீர்கள். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு உங்கள் அட்டையை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய், அதை அங்கே வைத்துவிட்டு, அங்கிருந்த சிவசுப்பிரமணியன் ஐயாவின் அட்டையைக் கொண்டுவந்து என் பக்கத்தில் நிறுத்துகிறீர்கள். அது சைவ மேசை என்பதை மட்டும் நீங்கள் கவனிக்கவில்லை. ரோய்ஸ்டன் மெதுவாகச் சொன்னான்: "எல்லாரையும் கம்ப்யூட்டர்தான்பா ஒக்கார வச்சிச்சு. மாமாவ மட்டும் இல்ல. ஒங்க பக்கத்துல வைக்கச் சொல்லி அம்மா சொன்னாங்க, நானே கையால வச்சேன்."

மறுவீட்டுக்கும் அவனையே இடம் பிரிக்கச் சொல்லிவிட்டேன். காலி நாற்காலி எல்லாவற்றிலும் வாத்து இருக்கும். என் பக்கத்து நாற்காலியில் மட்டும் இருக்காது. நண்டு வாங்குகிறேன்.