வேடியப்பன் கிடாவும் டெல்லிக் காகிதமும்

கருவடிக்குப்பம்,
புதுச்சேரி.
21.7.2003

டெல்லிப் பட்டணத்தில், வெளிநாட்டு விவகாரம் பார்க்கும் பெரிய ஆபீஸின் கேன்டீனில் டீ கொடுக்கும் உத்தியோகத்தில் இருக்கும் மருமகப்பிள்ளை கலைவாணனுக்கு, மாமன் சாமிக்கண்ணு வாயால் சொல்ல, எதிர்வீட்டு மருமகள் ஹேமலதா கையால் எழுதுவது. இவ்விடம் நானும் உன் அத்தை செல்வாம்பாளும் கிடாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். அவ்விடம் நீயும் உன் பாய்லரும் அப்படியே இருக்க வேடியப்பன் துணை செய்வாராக.

நிற்க. இலங்கையில் சமாதானம் வந்துவிட்டதா, இல்லையா என்று உன் ஆபீஸில் விசாரித்து, முத்திரை குத்திய காகிதமாக வாங்கி உடனே அனுப்பவும். ஆடி நாலாம் ஞாயிறு கோயிலில் பொங்கல். அதற்குள் தெரிந்தாக வேண்டும். பத்திரிகையில் போட்டிருக்கும், படிச்சுக்கோ மாமா என்று சொல்லிவிடாதே. பத்திரிகையை ஹேமலதா தினமும் படித்துக் காட்டுகிறாள். ஒரு நாள் வந்துட்டுது என்கிறான், மறுநாள் வரும்போல இருக்கு என்கிறான். அதை வச்சு கிடா வெட்ட முடியாது.

உனக்கு விவரம் தெரியாது. என் தங்கச்சி சின்னப்பாப்பாவை அறுபத்தொண்ணுல திருகோணமலையில சோடா கம்பெனி வச்சிருந்தவருக்குக் கட்டிக்கொடுத்தோம். மாசம் ஒரு கடுதாசி வரும். தொண்ணூறாம் வருஷம் ஆனி மாசத்தோட கடுதாசி நின்னுபோச்சு. ரெண்டு மாசம் பாத்தேன், தபால்காரனை வழியில மறிச்சுக் கேட்டேன், அவன் என்னைக் கண்டா சைக்கிளைத் திருப்பிக்கிட்டுப் போவான். கடைசியில குலதெய்வம் வேடியப்பன் முன்னால கற்பூரம் ஏத்தி, “ஐயா, அங்க சமாதானம் வந்து, எந்தங்கச்சி உசுரோட இருக்கான்னு சேதி வந்தா உனக்கு ஒரு கிடா”ன்னு வேண்டிக்கிட்டேன். பன்னெண்டு வருஷம் சாமியும் பேசல, தபாலும் பேசல. போன வருஷம் மாசி மாசம் ரெண்டு பக்கமும் சண்டைய நிறுத்திக் கையெழுத்துப் போட்டாங்க. சித்திரையில கடுதாசி வந்துட்டுது. “அண்ணே, நான் இருக்கேன். சோதனைச் சாவடியில துப்பாக்கிக்காரன் நிக்கிறான், ஆனா சுடல. இப்பல்லாம் கடைத்தெருவுக்குப் போனா திரும்பி வந்துருவோம்னு நெனச்சுக்கிட்டுதான் போறோம்”னு எழுதியிருந்தா. அன்னிக்கே ஒரு குட்டி வாங்கி, மஞ்சத்துணி கட்டி, சாமிக்குன்னு நேர்ந்து விட்டாச்சு.

அங்கதான் வந்துது வினை. போன ஆடியில கிடாவ ஓட்டிக்கிட்டுப் போனா, பூசாரி ஆதிமூலம் கையெடுத்துத் தடுக்கிறார். அவர் லண்டன் ரேடியோ கேக்கிற ஆளு. “சாமிக்கண்ணு, வேட்டுதான் நின்னுருக்கு. துப்பாக்கிய கீழ வச்சானா? தோள்லதான மாட்டிக்கிட்டு நிக்கிறான்? பாதி சமாதானத்துக்கு முழுக் கிடாவ சாமி எப்படி வாங்கும்?”ங்கிறார். உங்கத்தை விடல. “அப்ப பாதிக் கிடாவ வாங்கிக்கச் சொல்லு”ன்னா. “மீதிப் பாதி நடந்து வூட்டுக்கு வருமா தாயி?”ன்னு கேட்டுட்டு அவரு தட்டத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டார். போன ஆடியில பேச்சுவார்த்தையே ஆரம்பிக்கலன்னார். இந்த ஆடியில பேச்சுவார்த்தை நின்னுபோச்சுங்கிறார். நடுவுல அது நடந்த மாசங்கள்ல பொங்கலே இல்ல.

உங்கத்தை சொல்றா, நான் வேண்டிக்கிட்டப்ப “சமாதானம்”னே சொல்லலியாம், “வேட்டு நின்னா”ன்னுதான் சொன்னேனாம், பக்கத்துல தேங்கா மூடியோட அவதான் நின்னாளாம். எனக்கு எழுத்துதான் தெரியாது, ஞாபகம் போவாது. அம்பத்திநாலுல நவம்பர் ஒண்ணாந்தேதி நம்ம ஊர்ல பிரெஞ்சுக்காரன் கொடி எறங்கி நம்ம கொடி ஏறினப்ப கூட்டத்துல எனக்குக் காணாப்போனது எடதுகால் செருப்பு. அந்த ஒத்தைக்கால் செருப்போடவே மில்லுக்குப் போனேன். ஊரே கைக்கு வந்துட்டுதுன்னு அன்னிக்கே வெடி போட்டோம். ஆனா காகிதப்படி, பாரீசுல சபை ஒத்துக்கிட்டு முழுசா வந்தது அறுபத்திரண்டுல. ரெண்டு நாளையும் இன்னிக்கு வரைக்கும் கொண்டாடறோம். நடுவுல அந்த எட்டு வருஷம் நாம எந்த தேசம்னு இதுவரைக்கும் ஒருத்தனும் எனக்குச் சொல்லல. ஹேமலதா வக்கீல் ஆபீஸ்ல டைப் அடிக்கிறவ இல்லியா, அவ சொல்றா, மொதல்ல நடப்புல வந்தது டிஃபாக்டோவாம், அப்புறம் சட்டப்படி வந்தது டிஜூரேவாம். அப்படிப் பாத்தா உங்கத்தை டிஃபாக்டோ கட்சி. பூசாரி டிஜூரே கட்சி. நடுவுல கிடா.

அந்தக் கிடா பண்ற அட்டூழியத்தக் கேளு. சாமிக்கு நேர்ந்து விட்டத யாரு அடிக்கிறது? அதுக்கும் அது தெரிஞ்சுபோச்சு. ஹேமலதாவோட மாமனார் சக்கரபாணி வூட்டுக் கனகாம்பரத்தைத் தின்னுது, மாடியேறி வடகத்தைத் தின்னுது, ஹேமலதா டைப் அடிக்க எடுத்தாந்த வக்காலத்து நாமாவுல ரெண்டு பக்கம் தின்னுது. “யோவ், ஒன் வெளிநாட்டு சமாச்சாரத்துக்கு என் மொட்டைமாடி ஏன்யா பலியாவணும்?”னு அவரு கத்த, “சாமியோட கிடாவப் பேசினா வாய் கோணிக்கும்”னு நான் கத்த, ஒரு வாரம் தெருவே ரணகளம். இந்த ஹேமலதாதான் குறுக்க வந்து, சாக்கடைக்கு அந்தாண்ட கிடா வரக்கூடாது, காலையில பத்து மணி வரைக்கும் அவங்க வடகம் காய வைக்கக்கூடாதுன்னு பத்திரமே அடிச்சுக் கையெழுத்து வாங்குனா. தெருவுல இப்ப அவளுக்கு நார்வேன்னு பேரு, இலங்கையில ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல நின்னு சமாதானம் பேசற தேசமாம் அது. இதுவரைக்கும் நாங்க பதினாலு தடவ மீறியிருக்கோம், அவங்க ஒம்போது. ஒம்போது இல்லியாம், ஏழுதானாம். எழுதறவளே அவங்க கட்சிங்கிறப்ப நான் என்ன பண்றது?

எனக்கு அந்தக் கிடா மேல ஒரு பாசமும் இல்ல. பேருகூட வைக்கல, பேரு வச்சா வெட்ட முடியாது. ராசான்னு கூப்பிடறேன், அது பேரில்ல. காலையில டீக்கடைக்குப் பின்னாலயே வருது, பொறை ரொட்டியில பாதி கேக்குது. கொடுக்கலன்னா லுங்கியத் தின்னுது. அதனால கொடுக்கிறேன்.

சிரிக்காத மாப்ளே, பயமும் இருக்கு. சமாதானம் வர்றதுக்கு முன்னாடி வெட்டினா சாமியை ஏமாத்தினதா ஆவும். வந்த அப்புறம் வெட்டாம வுட்டாலும் சாமிகுத்தம். அங்க மறுபடியும் வேட்டு வெடிச்சா, எந்தத் தலைவரையும் உங்கத்தை கேக்கமாட்டா, “நீ கிடாவ ஒழுங்கா வெட்டியிருந்தா”ன்னு என்னத்தான் கேப்பா. சின்னப்பாப்பா கடைத்தெருவுக்குப் போயிட்டுத் திரும்பி வர்றது என் கிடாவுலயா நிக்குதுன்னு நெனச்சா சோறு எறங்கல. அதனால, பெரிய அதிகாரிக்கு டீ வைக்கிறப்ப, அவரு மொத வாய் குடிச்சு நல்லாயிருக்குன்னு சொல்ற நேரம் பாத்து, வந்துட்டுதா வரலியான்னு கேளு. ரெண்டே வார்த்தை. சுத்தி வளைச்சுப் பேசினா சக்கரையக் கொறை. வந்துட்டுதுன்னு காகிதம் வந்தா ஞாயித்துக்கிழமை வெட்டி முடிச்சு நிம்மதியா படுப்பேன். மஞ்சத்துணிகூட புதுசு வாங்கியாச்சு.

நீ நூறாயுசு இருந்து, எல்லா தேசத்துப் பெரிய மனுஷங்களுக்கும் உன் கையால டீ கொடுத்து, உனக்கும் சீக்கிரம் ஒருத்தி டீ போட்டுக் கொடுக்க வேடியப்பன் வழிவிடட்டும். அத்தை உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். கிடாவும்.

இப்படிக்கு,
மாமன் சாமிக்கண்ணு (இடது கைப் பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: உங்கத்தை மீன் வாங்கப் போயிருக்கா, அதுக்குள்ள இத ஹேமலதா வேகமா எழுதறா. மேல சொன்னதையெல்லாம் வுட்டுடு. அங்க சமாதானம் இன்னிக்கே வரட்டும், முழுசா வரட்டும், துப்பாக்கிய கீழ வைக்கட்டும், சின்னப்பாப்பா கடைத்தெருவுக்குப் போயி நாலு கதை பேசிட்டு மெதுவா வூடு திரும்பட்டும். காகிதம் மட்டும் வர வேணாம். யாராவது கேட்டா, பேசிக்கிட்டிருக்காங்கன்னு சொல்லச் சொல்லு, அது உங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் நல்லா வரும். நம்ம ஊருக்குக் காகிதம் வர எட்டு வருஷம் ஆச்சு. கிடாவுக்கு ஆயுசு பத்துப் பன்னெண்டு வருஷம்னு மாட்டாஸ்பத்திரியில விசாரிச்சுட்டேன். ராசாவுக்கு இப்ப ஒன்றரை வயசு. கணக்குப் பாத்து அதிகாரிகிட்ட பேசு.