ஒருமனதாக ஒத்திவைக்கப்பட்ட யோரிட்

மனிதரின் சம்மதத்தின் மேல் எங்களைப் போல் பக்தி வைத்தவர்கள் இந்தப் பூமியில் கிடையாது. நெதர்லாந்தில் ஒரு பெரிய மருத்துவமனையின் ‘இளையோர் முடிவெடுக்கும் திறன் ஆய்வுக் குழு’வில் நான் செயலாளர். பதினாறு வயதானால் தன் உடம்புக்குரிய சிகிச்சைக்குத் தானே சம்மதம் சொல்லலாம் என்பது எங்கள் நாட்டுச் சட்டம். சொல்கிற பிள்ளைக்கு விஷயம் புரிந்திருக்கிறதா என்று பார்ப்பதே எங்கள் திருப்பணி. ஓட்டெடுப்பு போன்ற முரட்டு வழக்கமெல்லாம் எங்களிடம் இல்லை. எல்லாத் தலையும் ஆடும்வரை பேசுவோம். ஒரு தலை ஆடாவிட்டாலும் டைரியைத் திறந்து அடுத்த தேதி பார்ப்போம்.

யோரிட் வந்தபோது அவனுக்குப் பதினாறு. பிறந்தபோது பெண் என்று பதிவு செய்யப்பட்டு, பல வருஷமாகப் பையனாகவே வாழ்கிறவன். ஆண் ஹார்மோன் ஊசி கேட்டான். அவனோடு நெடுநாள் பேசிப் பார்த்த டாக்டர் சரி என்றார். தாய் ஆல்ட்யேவும் சரி என்றாள். பாக்கி நாங்கள்தான்.

“தம்பி, ஊசி போட்டா என்ன ஆகும், சொல்லு பாப்போம்” என்றார் தலைவர் ஹுய்பர்ட்.

“குரல் தடிக்கும் சார், நிறுத்தினாலும் பழையபடி ஆகாது. மீசை வரும். பின்னால குழந்தை பெத்துக்கிறதுல சிக்கல் வரலாம். சிலது இன்னும் டாக்டர்களுக்கே தெரியாதுன்னு சொன்னாங்க.”

“மளமளன்னு சொல்றானே, மனப்பாடமோ?” என்றார் மனநல நிபுணர் லிஸ்பெத்.

“நிறுத்தி நிதானமா சொல்லட்டுமா மேடம்?”

“பாருங்க, தயங்குறான்!”

ஆல்ட்யேவுக்குப் பொறுக்கவில்லை. “சார், என் பையன் கிளாஸ்ல வாயே திறக்கிறதில்ல. போன் எடுத்தா குரலை வச்சுப் பொண்ணுன்னு நெனச்சு ‘என்னம்மா’ங்கிறாங்க. இப்ப போன் எடுக்கிறதையே விட்டுட்டான்.”

“தாய்ப்பாசம்” என்று நெகிழ்ந்தார் தலைவர். “அது முடிவைப் பாதிக்கக்கூடாது.”

தாய் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. இருந்தாலும் டைரியைத் திறந்தேன்.

அடுத்த கூட்டத்தில் அவன் சிரித்தான். விளையாட்டுத்தனம் என்று ஒத்திவைத்தோம். அதற்கடுத்து அழுதான், உணர்ச்சிவசப்படுகிறான் என்று ஒத்திவைத்தோம். குளிர்காலத்தில் வாய்க்கால் உறைந்தது. அன்றைக்கு அந்தப் பனிமேல் சறுக்கி விளையாடப் போகாதவன் டச்சுக்காரனே இல்லை, அதனால் கூட்டம் தள்ளிப் போனது. கோடையில் விடுமுறை என்று கேரவனை இழுத்துக்கொண்டு ஆளாளுக்குப் பிரான்ஸ் போய்விட்டோம். எந்த நிலையிலும் நாங்கள் அவசரப்படவில்லை என்பதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

கடைசியாக அவன் வந்தபோது கையில் ஒரு பெரிய ஆப்பிள் கேக். பிறந்தநாள்காரர்தான் ஊருக்கெல்லாம் கேக் வாங்கித் தர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். குழு துள்ளி எழுந்தது. அவனை வாழ்த்தினோம். ஆல்ட்யேவை வாழ்த்தினோம். எங்கள் நாட்டு முறைப்படி ஒருவருக்கொருவர் கைகுலுக்கி, “யோரிட்டுக்குப் பிறந்தநாள், உங்களுக்கு வாழ்த்துகள்” என்று சொல்லிக்கொண்டோம். எல்லாத் தலையும் ஒன்றாக ஆடியது அன்றைக்குத்தான்.

“எத்தனை வயசு தம்பி?” என்றார் தலைவர், வாய் நிறையக் கேக்கோடு.

“பதினெட்டு சார்.”

லிஸ்பெத்தின் முகம் மலர்ந்தது. “அப்ப இவன் நம்ம கேஸே இல்லையே! நாம இளையோர் குழு. பெரியவங்க பிரிவுக்கு அனுப்பிடலாம்.”

“அங்க வரிசை எவ்வளவு நீளம் மேடம்?” என்று கேட்டாள் ஆல்ட்யே.

“ரொம்ப நீளம். இப்ப பேர் கொடுத்தா கடைசியில நிப்பீங்க.”

ஆல்ட்யே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். யோரிட் அவள் தோளில் கை வைத்தான். தலைவர் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“வாழ்த்துகள் தம்பி! இனிமே நீ பெரிய மனுஷன். முடிவெல்லாம் நீயே எடுக்கலாம்.”

“நான் பதினாறுலயே எடுத்துட்டேன் சார்” என்றான் யோரிட். “உங்களுக்கு எப்ப அந்த வயசு வரும்?”

எங்கள் குழுவில் ஐம்பதுக்குக் குறைந்தவர் ஒருவரும் இல்லை.