மூணடுக்கு அண்ணாச்சியின் சர்வர்

வெளியே மழை பெய்கிறதா என்று கேட்டால்கூட, "உமக்கு எந்த அடுக்கு வரைக்கும் அனுமதி?" என்று திருப்பிக் கேட்கக்கூடிய மனிதர் தாமிரபரணிக் கரையிலேயே ஒருவர்தான் இருந்தார். எங்கள் மூணடுக்கு அண்ணாச்சி.

தொண்ணூறுகளின் கடைசியில், பாளையங்கோட்டையில் இருந்த எங்கள் அலுவலகத்துக்கு ஒரு வெப் சர்வர் வந்தது. அதைக் கட்டி மேய்க்கும் வேலை அண்ணாச்சிக்கு. பொது, அலுவலகம், ரகசியம் என்று அதில் மூன்று அடுக்கு. எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றதும் தன் மூணடுக்கு டிபன் கேரியரைத் தூக்கி மேஜைமேல் வைத்தார்.

"கீழ இருக்கவன் மேல எட்டிப் பாக்கக் கூடாது. மேல இருக்கது கீழ ஒரு சொட்டு ஒழுகக் கூடாது. அவ்வளவுதாம்வே."

"அப்போ மேலடுக்குல என்ன இருக்கு அண்ணாச்சி?" என்றான் டைப்பிஸ்ட் சண்முகம்.

"ரசஞ்சோறு. உமக்கு அனுமதி கெடையாது."

அது ஆஸ்பத்திரியில் கிடந்த அவர் மனைவிக்கு. ஆபீஸ் விட்டதும் கொண்டுபோய் அவரே ஊட்டிவிடுவார். பிள்ளைகுட்டி கிடையாது. வேறு ஆள் கையால் அந்த அம்மாள் வாய் திறக்க மாட்டாள்.

மேலிடத்து உத்தரவுகளைக் கையெழுத்தாகும் முன்பே ரகசிய அடுக்கில் ஏற்றி வைப்பதும் அண்ணாச்சிதான். அந்த நாட்களில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துதான் சாப்பிடுவார். கேட்டால், "மூஞ்சி கசிஞ்சிரும்லா" என்பார். அவர் முதுகை வைத்தே பஞ்சப்படி உயர்வைக் கணித்தவன் சண்முகம்.

ஒரு தடவை நாள் கணக்காகச் சுவரையே பார்த்துச் சாப்பிட்டார். "பெருசா என்னமோ வருதுலே!" என்று சண்முகம் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தான். அண்ணாச்சி திரும்பாமலே கையை நீட்டித் தன் வடையை வாங்கிக்கொண்டார்.

வந்தது அவருடைய மாற்றல் உத்தரவு. அஸ்ஸாமுக்கு.

ஆபீசர் பதறிப்போய்க் கூப்பிட்டு விட்டார். நானும் கூடப் போனேன்.

"டெல்லியில இருந்து வந்த கட்டுல உம்ம பேரைக் கவனிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன்யா. கையெழுத்துக்கு முந்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே! உமக்குத்தான் தெரியுமே!"

"சர்வரைப் பாக்குதவனுக்குத் தெரியும் சார். ஆஸ்பத்திரியில கெடக்கவ புருஷனுக்குத் தெரியாதுல்லா."

சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போல் இருந்தது எனக்கு. கிறுக்கன் என்று அவர் காதுபடவே திட்டினேன். பாவி மனுஷன், அப்படியே ரயில் ஏறிவிட்டார்.

ரத்து கேட்டு ஆபீசர் டெல்லிக்கு எழுதினார். ரசஞ்சோற்றை நாங்கள் மாறி மாறி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எங்கள் கையால் அந்த அம்மாள் ஒரு வாய் வாங்கவில்லை. ரத்து உத்தரவு வருவதற்குள் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து, அண்ணாச்சி பழைய இடத்துக்கே வேலைக்கு வந்தார். மத்தியானம் டிபன் கேரியரைப் பிரித்தார். இரண்டு அடுக்குதான் இருந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

சண்முகம் தன் நாற்காலியை இழுத்துப் போய் அவர் பக்கத்தில் போட்டான். பின்னாலேயே நாங்களும் போனோம். அன்றைக்கு எல்லோருமே சுவரைப் பார்த்துத்தான் சாப்பிட்டோம்.