பின்வாசல் வழியாகக் கியூபா

நட்சத்திரத் தொப்பியும் தாடியுமாக ஒருவர் படம் எந்தக் கடைச் சுவரில் தொங்குகிறதோ, அது கியூபா ஓட்டல் என்று முப்பத்தெட்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். அந்த நம்பிக்கையில் ஆபீஸில் வாய் விட்டதுதான் வினை.

இரண்டாயிரங்களின் தொடக்கம். ஷார்ஜா ரோலாவில் அறை, துபாயில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் வேலை. புதிதாக வந்த மேனேஜர் ஸ்காட்லாந்துக்காரர். அவர் மனைவி ஹவானாவில் பிறந்தவர். "வியாழக்கிழமை எங்கள் கல்யாண நாள். நல்ல கியூபா ரெஸ்டாரண்ட் யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். என் விசா புதுப்பிக்கிற தாள் அவர் மேஜையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. என் கை என்னைக் கேட்காமலே உயர்ந்தது.

"எனக்குத் தெரியும் சார்!"

மாலையே ரோலாவில் அந்தப் படம் தொங்கிய கடைக்கு ஓடினேன். படம் பத்திரமாக இருந்தது. கல்லாவிலிருந்த சேட்டன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கியூபயோ? இவிடே புட்டுண்டு, கடலயுண்டு. வேணோ?"

அவருக்குத் தாடிக்காரர்மேல் பக்தி, அவ்வளவுதான். ஊரில் இறங்கி, பெட்டியோடு ஆட்டோவுக்குப் பேரம் பேசுவதுவரை கற்பனையில் பார்த்துவிட்டேன்.

இனி ஒரே கதி மோப்பம் அண்ணாச்சி. வளைகுடா முழுவதும் சலித்தாலும் அப்படி ஒரு மூக்கு கிடைக்காது. அவர் அருமை தெரியாமல்தான் எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் அங்கங்கே பூமியைத் தோண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் அறையில் கீழ்க்கட்டில்காரர், திருநெல்வேலிப் பக்கம், வேன் ஓட்டுநர். எந்த ஓட்டலிலும் முன்வாசலில் நுழைய மாட்டார். பின்பக்கம் போய், சமையல்காரர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எட்டிப் பார்ப்பார். அவர்கள் சமைத்ததையே அவர்கள் தின்றால் கடை பாஸ். சவூதியில், அல் கோபாரில் வேலை பார்த்த காலத்தில் சொந்த முதலாளி வீட்டுக் கல்யாண விருந்தையே சமையற்கட்டில் பார்த்து ஃபெயிலாக்கிவிட்டு, கடையில் குப்பூஸ் ரொட்டி வாங்கித் தின்றவர்.

"அண்ணாச்சி, வியாழக்கிழமைக்குள்ள கியூபா ஓட்டல் வேணும். இல்லாட்டி என் விசா கலாஸ்!"

"கியூபாக்காரன் என்னலே திம்பான்?"

"தெரியாது அண்ணாச்சி."

"தெரியாமத்தான் கையத் தூக்குனியோ? வெளங்கிரும். ஏறு வண்டில."

முதலில் ஒரு பெரிய ஓட்டல். வாசலில் பாட்டு, உள்ளே சுருட்டுப் புகை. எனக்கு அங்கேயே டேபிள் சொல்லிவிடலாம் போலிருந்தது. அண்ணாச்சி பின்பக்கம் போனவர், போன வேகத்தில் வந்தார். "குக்கெல்லாம் வரிசையா உக்காந்து பரோட்டா திங்கானுவ. ஃபெயிலு, மாஃபி! யல்லா, வண்டிய எடு." வண்டியை எடுக்கவேண்டியவர் அவர்தான் என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. அடுத்த கடையில் எல்லாரும் நூடுல்ஸ். அதுவும் ஃபெயில்.

புதன்கிழமை, துபாய் கராமாவில் ஒரு மாடிக்கடை. பின்படிக்கட்டில் ஏறிய அண்ணாச்சி அங்கிருந்தே கூவினார். "பாஸுலே! குக்கு ரெண்டு பேரும் சட்டிய வழிச்சுத் திங்கானுவ!"

"நாமளும் கொஞ்சம் ருசி பாத்துருவோமே?"

"அவனுவ திங்கதப் பாத்தாச்சுல்லா, பொறவு என்னத்துக்கு?"

சந்தோஷத்தில் அவர் காலில் விழாத குறை.

வியாழக்கிழமை மாலை தம்பதி வந்தார்கள்; வழிகாட்டியாக நானும் கூடவே மாடி ஏறினேன். மேடம் சிவப்பு கவுன். கடையில் வேறு ஒரு ஈ காக்கை இல்லை. கறுப்புப் பயறும் சோறும் வந்தன. மேடம் ஒரு வாய் வைத்தார். கரண்டியைக் கீழே வைத்தார். "இதைச் சமைத்தது யார்?" என்றார்.

சமையல்காரர் கோவாக்காரர்; கூட இருக்கிற இன்னொருவருக்கு அன்று லீவு. சமையல் புத்தகத்தில் படம் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். வருகிறவர்கள் யாரும் மறுபடி வருவதில்லையாம். மிச்சத்தைக் கொட்ட மனமில்லாமல் தினமும் தாங்களே தின்று தீர்ப்பதாக இந்தியில் கண்ணீர் விட்டார். அண்ணாச்சியின் விஞ்ஞானத்தில் ஓட்டை எங்கே என்று அப்போதுதான் புரிந்தது.

கீழே வேனில் இருந்தவருக்கு மொபைல் போட்டேன். "அண்ணாச்சி, செத்தோம்!"

பின்வாசல் வழியாகவே வந்து நின்றார். "மேடம், வாட் யூ வான்ட்? டெல் மீ!"

மேடம் சிரித்துவிட்டார். பயற்றில் பூண்டும் சீரகமும் தூக்கலாக இருக்கவேண்டும், கூட தோல் கறுத்துக் கனிந்த பெரிய வாழைப்பழத்தைப் பொரித்து வைக்கவேண்டும் என்றார். நான் தமிழில் சொன்னேன்.

"நேந்திரம்பழம்லா! கீழ க்ரோசரில தொங்குதுலே! அத மொதல்லயே சொல்லித் தொலைக்கப்படாதா?"

படிகளில் உருண்டாரா ஓடினாரா தெரியாது, ஒரு சீப்போடு திரும்பினார். மேடம் கவுனுக்குமேல் கோவாக்காரரின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் இறங்கினார். அண்ணாச்சி பூண்டு உரித்தார். கோவாக்காரர் பார்த்துப் பார்த்துக் கற்றார். மேனேஜர் கோட்டைக் கழற்றிவிட்டுத் தட்டு கழுவினார். பழம் எண்ணெயில் விழுந்த வாசத்துக்கு எதிர்க்கட்டடத்து பேச்சிலர்கள் எல்லாம் ஜன்னலைத் திறந்தார்கள். மேடம் ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். ஹவானாவை விட்ட பிறகு இன்றுதான் சாப்பிடுகிறேன் என்றார். ஐந்து பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தோம்.

என் விசாத் தாளில் கையெழுத்து விழுந்தது சனிக்கிழமை. வியாழக்கிழமை அது எனக்குத் தெரியாது. தட்டில் பொரித்த பழம் கடைசியாக ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. மேனேஜர் கையை நீட்டினார். நான் அதற்குள் எடுத்து அண்ணாச்சி தட்டில் வைத்துவிட்டேன்.