படம் முடியாமல் இறங்க மாட்டோம்

டிசம்பர் முப்பத்தொன்று, பிற்பகல். ஓடிக்கொண்டிருந்த பேருந்தில், ஓடிக்கொண்டிருந்த படம் நின்றுவிட்டது. குற்றம் நடத்துநருடையது அன்று. ஆயினும் கூச்சல் முழுவதையும் வாங்கிக்கொள்ள வேண்டியவர் அவரே ஆனார். இதுவே குறை.

"கண்டக்டர்! என்னாச்சு?"

"அந்த ஆளு ரயிலைப் புடிச்சானா, இல்லையா?"

"டிக்கெட் குடுக்க மட்டும் ஓடி வர்றீங்க, ஒரு படத்தை ஒழுங்காப் போடக் கூடாதா?"

பதில் சொல்வதற்கும் தெம்பு வேண்டும். விடிந்தது முதல் நின்ற காலோடு நின்ற நடத்துநரிடம் எஞ்சியிருந்ததே கொஞ்சம். அதையும் அவர் மாலைக்கென்று எடுத்து வைத்திருந்தார். நிலையத்தில் இவர்களை இறக்கிவிட்டு, வசூலை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, தம் ஊருக்குப் போகும் கடைசி வண்டியைப் பிடித்தாக வேண்டும். பிடித்தால் விடுமுறைக்கு வீட்டில் இருப்பார். தவறவிட்டால் விடுமுறை முடிந்துதான் அடுத்த வண்டி. அதற்குள் மறுபடி வேலைக்கு வந்து நிற்க வேண்டும். சென்ற ஆண்டு தவறவிட்டார். அதற்கு முந்திய ஆண்டும் அப்படியே.

"உங்க அப்பா எங்கம்மா?" என்று பக்கத்து வீட்டார் கேட்டதற்கு, அவருடைய சின்ன மகள், "போனுக்குள்ள இருக்காரு" என்று சொன்னாளாம். மனைவி அதைச் சிரித்துக்கொண்டேதான் தெரிவித்தாள். சிரித்து முடித்த பிறகு, "இந்த வருஷமும் வரலைன்னா அதுக்குள்ளேயே இருந்துடுங்க" என்றாள்.

அதனால்தான் வண்டி கிளம்பியதும் கிளம்பாததுமாக அவர் படத்தைப் போட்டிருந்தார். ஆண்டு இறுதி விடுமுறை வந்தால் அந்த வழித்தடத்தில் அந்த ஒரே படம்தான். கறுப்பு வெள்ளையில் எடுத்த பழைய சிரிப்புப் படம். சோப்பு விற்கும் ஒருவன், மகளுக்கு வாங்கிய மரக்குதிரையைத் தோளில் சுமந்துகொண்டு வீடு திரும்பப் பார்க்கிறான், ரயிலைத் தவறவிடுகிறான், பால் வண்டியில் ஏறிக் குளத்தில் விழுகிறான், ஆட்டு மந்தையோடு சேர்த்துச் சரக்குப் பெட்டியில் பூட்டப்படுகிறான். இக்கட்டுக்கு ஒன்றாகக் குதிரைக்குக் கால் ஒடிந்து போய்க்கொண்டே இருக்கும். பார்த்தவர்களே மறுபடியும் பார்ப்பார்கள். எங்கே சிரிப்பது, எங்கே மூக்கை உறிஞ்சுவது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். படம் ஓடும் வரை, சன்னலைத் திற, சன்னலை மூடு என்று யாரும் நடத்துநரைப் பிடுங்கி எடுப்பதில்லை. நகர எல்லை வருவதற்குள் படம் முடிந்துவிடும். மனம் இளகியவர்கள் தங்கள் மூட்டையைத் தாங்களே தூக்கிக்கொண்டு மளமளவென்று இறங்கிவிடுவார்கள் என்பது அவர் அனுபவத்தில் கண்ட உண்மை.

அந்தப் படம்தான் நின்றது. நடத்துநர், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் மாட்டியிருந்த தொலைக்காட்சிப் பெட்டியின் தலையில் தட்டினார். முதுகில் தட்டினார். பயனில்லை. அலுத்துப்போய்த் தம் இருக்கையில் வந்து உட்கார்ந்ததும் அது தானாக ஒளிர்ந்தது. ஆனால், விட்ட இடத்திலிருந்து அன்று, முதலிலிருந்து!

"மறுபடியும் சோப்புக் கடையா?" என்றார் தொப்பி அணிந்த பயணி ஒருவர்.

"ஓட்டறேன் சார், ஓட்டறேன்."

ரிமோட்டின் பொத்தான்களில் எழுத்துகள் தேய்ந்து போயிருந்தன. குத்துமதிப்பாக ஒன்றை அழுத்தினார். படம் பாய்ந்தது, ரயில், பால் வண்டி, குளம் எல்லாம் பறந்தன. குதிரை ஒற்றைக் காலோடு வந்து நின்றது.

"ஐயோ, குளத்தில விழறது போச்சே! அதுதான்யா படமே!" என்று அலறினார் முன் இருக்கை அம்மாள். அந்தப் படத்தைப் பலமுறை பார்த்தவர் என்பதை ஏறும்போதே அறிவித்துவிட்டு ஏறியவர் அவர்.

பின்னால் ஓட்டினார். மறுபடியும் சோப்புக் கடை.

"ஏம்பா, நீ சோப்பு விக்கறவன்கிட்ட கமிஷன் ஏதாவது வாங்கறியா?"

வண்டி முழுவதும் சிரித்தது. நடத்துநர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவாறு குளம் வந்தது. சோப்புக்காரன் விழுந்தான், வண்டி குலுங்கிச் சிரித்தது, பெட்டி மறுபடியும் அணைந்தது.

நடத்துநர் ஓட்டுநரிடம் போனார். ஓட்டுநர் ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர், கழுத்தைத் திருப்பினால் சுளுக்கிக்கொள்ளும் என்பதுபோல் முன்னால் மட்டுமே பார்ப்பவர், பேச்சும் அப்படித்தான்.

"அண்ணே, டிவி மறுபடியும் மக்கர் பண்ணுது."

"நான் ரோட்டைப் பார்க்கிறேன் தம்பி. நீ படத்தைப் பார்த்துக்கோ."

இருந்தாலும் நடத்துநருக்கு அவர்மேல் அன்று தனி மரியாதை பிறந்திருந்தது. எப்போதும் பொறுமையே உருவாக ஓட்டுபவர், அன்று வண்டியைப் பறக்க விட்டுக்கொண்டிருந்தார். 'நம் அவசரம் தெரிந்துதான் பெரியவர் இப்படி ஓட்டுகிறார்' என்று நடத்துநர் எண்ணிக்கொண்டார்.

பெட்டி உயிர் பெற்றது, மறுபடியும் அணைந்தது. வண்டியோ முன்னே முன்னே போய்க்கொண்டிருந்தது. படம் பின்னே பின்னே போய்க்கொண்டிருந்தது. இது சரிப்படாது என்று கண்ட நடத்துநர், இருக்கைகளுக்கு நடுவே நின்று தொண்டையைக் கனைத்தார்.

"பெரியவங்களே, மிச்சக் கதையை நான் சுருக்கமாச் சொல்லிடறேன். அவரு எப்படியோ அடிச்சுப் புடிச்சு வீட்டுக்குப் போயிடறாரு. எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. அவ்வளவுதான்."

அவ்வளவோடு நிற்கவில்லை.

"முடிவைச் சொல்லிட்டியே, பாவி! நான் இதுவரைக்கும் பார்த்ததே இல்லை!" என்று பின் வரிசையில் ஒரு குரல் விம்மியது.

"முடிவு அதுன்னு யார் சொன்னது?" என்று முன் இருக்கை அம்மாள் எழுந்தே விட்டார். "அடிச்சுப் புடிச்சுப் போனாராம்! அந்த மனுஷன் வாசல்ல நிக்கிற நிலையை நீ பார்த்திருந்தா இப்படிப் பேசுவியா? உனக்கெல்லாம் குடும்பம் இருக்கா, இல்லையா?"

"இருக்கும்மா. அதுக்குத்தான்..."

"உட்காருப்பா."

உட்கார்ந்தார்.

வண்டி நிலையத்துக்குள் நுழைந்து நின்றபோது, திரையில் சோப்புக்காரன் ஆட்டு மந்தையோடு பூட்டப்பட்டிருந்தான். அப்பால் மூன்றாவது நடைமேடையில் நடத்துநரின் ஊருக்குப் போகும் கடைசி வண்டி, விளக்கெல்லாம் எரிய, உறுமிக்கொண்டு நின்றது.

"வந்தாச்சு! எல்லாரும் இறங்குங்க! சாமானைப் பார்த்து எடுத்துக்கங்க!"

ஒருவரும் அசையவில்லை.

"சார், ஸ்டாண்ட் வந்துடுச்சு."

"தெரியுது. படம் முடியலையே" என்றார் தொப்பிக்காரர்.

நடத்துநர் பெட்டியை அணைத்தார். அன்று முழுவதும் அது தானாகவே செய்துகொண்டிருந்த காரியந்தான். அவர் செய்தபோது மட்டும் அது குற்றமாகிவிட்டது. ஐம்பது பேர் ஒரே குரலில் கத்தினார்கள். பயணி ஒருவரேனும் உள்ளே இருக்கும் வரை நடத்துநர் வண்டியை விட்டுப் போகக் கூடாது என்பது விதி; அந்த விதி ஐம்பது பேருக்கும் தெரிந்திருந்தது. சத்தம் கேட்டு, வண்டிகளை நேரத்துக்கு அனுப்பும் நேரக் காப்பாளர் ஊதலும் கையுமாக ஓடி வந்தார்.

"என்னய்யா கலாட்டா? அடுத்த வண்டிக்கு இடம் வேணும், காலி பண்ணு!"

"நீங்களே சொல்லுங்க சார். படத்தைப் பார்த்துட்டுத்தான் இறங்குவாங்களாம்."

"எந்தப் படம்?"

"அந்த மரக்குதிரைப் படம்."

நேரக் காப்பாளர் ஊதலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ஆடு வந்துடுச்சா?"

"ஆட்டுலதான் நிக்குது."

"பின்ன எதுக்கு அணைச்சே? போடுய்யா!" என்று சொல்லி, நடத்துநரின் இருக்கையிலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

சோப்புக்காரன் சரக்குப் பெட்டியின் கம்பிகளைப் பற்றிக்கொண்டு, "என்னை விடுங்கள், என் பிள்ளை காத்திருப்பாள்" என்று கதறினான். வண்டி முழுவதும் மூக்கை உறிஞ்சியது.

"அம்மா, கொஞ்சம் தயவு பண்ணுங்க" என்று நடத்துநர் முன் இருக்கை அம்மாளிடம் குனிந்தார். "என் ஊருக்குக் கடைசி வண்டி அதோ நிக்குது. நானும் வீட்டுக்குப் போகணும். என் பொண்ணு காத்துட்டிருப்பா."

"உஷ்!" என்றார் அம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "பாவம்யா அந்த ஆளு. வீட்டுக்குப் போக முடியாமத் தவிக்கிறான். நீ வேற நடுவுல!"

கைப்பேசி அடித்தது. மனைவி.

"எங்க இருக்கீங்க?"

"ஸ்டாண்ட்லதான் இருக்கேன்."

"அப்ப வண்டி ஏறியாச்சா?"

"இன்னும் இல்லை."

"ஏன்?"

நடத்துநர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நல்ல பொய் எதுவும் வாய்க்கு வரவில்லை. "படம் முடியலை."

"படமா பார்க்கறீங்க?"

"நான் பார்க்கலை. எல்லாரும்..."

"நல்லாப் பாருங்க. முடிஞ்சப்புறம் கதையைச் சொல்லுங்க, உங்க பொண்ணுக்குச் சொல்றேன்." இணைப்பு அறுந்தது.

மூன்றாவது நடைமேடையில் ஊதல் கேட்டது. நடத்துநர் படிக்கட்டில் இறங்கி நின்று கையை ஆட்டினார். அந்த வண்டியின் நடத்துநரும், பழகிய முகம் ஆயிற்றே என்று, பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போனார். நடத்துநர் அந்தச் சிவப்பு விளக்குகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருடைய முதுகுக்குப் பின்னால் யாரோ ஒரு கதவைத் தட்டும் ஓசை கேட்டது, கதவு திறக்கும் ஓசை கேட்டது, பிறகு இசை. ஐம்பது பேரும் ஒரு நேரக் காப்பாளரும் சேர்ந்து அழும் ஓசையும் அதனோடு கேட்டது.

பிறகு எல்லாரும் இறங்கினார்கள், மளமளவென்று, தங்கள் மூட்டையைத் தாங்களே தூக்கிக்கொண்டு. தொப்பிக்காரர் நடத்துநரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நல்ல படம் போட்டீங்க. குடும்பம்தான் சார் முக்கியம். நீங்களும் இப்படி நின்னுட்டிருக்காம சீக்கிரம் வீட்டுக்குப் போங்க."

"சரிங்க" என்றார் நடத்துநர்.

வண்டி காலியாயிற்று. நடத்துநர் உள்ளே ஏறினார். ஓட்டுநர் மட்டும் இறங்கவில்லை. தம் இருக்கையை விட்டு வந்து, பயணிகள் பக்கம் நின்றபடி, அணைந்துபோன திரையை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் முழுவதும் ஈரம்.

"எனக்காக இந்தப் பறப்புப் பறந்தீங்க அண்ணே" என்றார் நடத்துநர், படியிலேயே அமர்ந்து. "அந்தப் பாழாப்போன பெட்டி சும்மா சும்மா அணைஞ்சு எல்லாத்தையும் கெடுத்துடுச்சு."

ஓட்டுநர் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தார்.

"அது தானா அணையலை தம்பி. ஸ்டியரிங் பக்கத்து சுவிட்சுல நான்தான் அணைச்சேன், பறந்ததும் அதுக்குத்தான். வண்டி நின்னப்புறம் கடைசி சீன் வரணும்ல? பன்னெண்டு வருஷமா என் முதுகுக்குப் பின்னாலேயே ஓடுது இந்தப் படம். தட்டற சத்தம் கேக்கும், தொறக்கற சத்தம் கேக்கும், அப்புறம் பேச்சே கிடையாது, எல்லாரும் அழுவாங்க. தொறந்தது யாருன்னு ஒருத்தர்கிட்டக் கேக்கறதுக்கு வெக்கமா இருந்துச்சு. அதை இன்னிக்குத்தான்யா பார்த்தேன்!"

ஆகையால், விடுமுறைக்கு ஊர் திரும்பும் பெரியோர்களே, பேருந்தில் படம் பார்த்து எவ்வளவு வேண்டுமானாலும் அழுங்கள். ஆனால், கதவைத் திறந்தது யார் என்று ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குங்கள்.